சாம்பல் வைத்த குழிகள்

எங்கள் குடும்பத்தில் எவரும் எவர் வாசலிலும் கையேந்தி நின்றதில்லை. என் தகப்பனார் நாற்பது பேரைக் கப்பலேற்றி மலாயாவில் ஜொகூர் காட்டில் கொண்டுவந்து இறக்கிய கங்காணி. அவருக்குப் பின் நான். உலு திராமுக்கு வடக்கே ஆறு மைல் தள்ளி இருந்த எங்கள் தோட்டத்தில், விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், இந்த ஐயாசாமி கங்காணியின் தலைப்பாகை தெரிந்தாலே பேச்சு அடங்கிவிடும். பின்னால் நடந்ததைச் சொல்ல இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

ரப்பர் விலை தரையில் விழுந்த வருஷம் அது. பால் வெட்டு நின்றது. துரை சிங்கப்பூருக்குப் போனவர் திரும்பவில்லை. பாதிப் பேரை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். என் மகன் அர்ச்சுனன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை தேடிப் போனான், கடிதம் இல்லை. அவன் மனைவி ராஜம்மாவும் இரண்டு குழந்தைகளும் என்னோடு இருந்தார்கள். ஆட்கள் குடியிருந்த வரிசை அறைகளில், லயத்தில், எட்டுக் குடும்பம் மிஞ்சியது. லயத்துக்கு எதிரே, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தனியாக என் வீடு. ஆட்கள் என்னிடம் பேச வந்தால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவார்கள். யாரும் சட்டம் போடவில்லை. என் தகப்பனார் காலத்திலிருந்து அப்படித்தான்.

அந்த எட்டில், லயத்தின் கடைசி அறையில் தனியாக இருந்தவள் அங்கம்மா. என் தம்பி காளியப்பனின் மனைவி. அவன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எங்கள் சாதியில் இல்லாத அந்தப் பெண்ணுக்குத் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினான். அன்றோடு அவன் எங்களுக்கு இல்லை என்று ஆனான். மரம் சாய்ந்து அவன் செத்தபோது அவன் காரியத்தை நான் செய்தேன். அவளை என் வாசல் மிதிக்க விடவில்லை. வழியில் பார்த்தால் "மாமா" என்று கூப்பிடுவாள். ஒரு தடவையும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

சங்கம் என்ற பேச்சைத் தொடங்கியது அவள்தான். ஆனி மாதம் ஒரு காலை, வேலையே இல்லாத பெரட்டுக் களத்தில், பழக்கத்தினால் எல்லாரும் கூடி நின்றார்கள். நான் என் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆளுக்கொரு மூலையில கீறிக்கிட்டு இருந்தா காட்டுப்பன்னிக்குத்தான் வயிறு நெறையும்" என்றாள் அங்கம்மா. "போன மாசம் எட்டு வீட்டு மரவள்ளியையும் அதுதான தின்னுச்சு? சதுப்புக்கு மேல இருக்கிற காட்டை ஒண்ணா வெட்டுவோம். ஒரே வேலி, ஒரே காவல். வெளையறது எல்லா அடுப்புக்கும்."

"தொரை இல்லாத தோட்டத்துல பெரட்டு யாரு எடுக்கிறது? நீயா?" என்று கேட்டான் மணியம். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன்.

"நானே எடுக்கிறேன். லேட்டா வந்தீன்னா ஒனக்கு ஆப்சென்ட்தான்லா."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தோட்டத்தில் பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

அவள் அதற்கு முன்பே இரண்டு மாதம் பக்கத்து மலாய்க் கிராமத்தில், கம்பத்தில், பாக் சாலே என்ற மலாய்க் கிழவரின் மேட்டு நெல்லில் களை பிடுங்கி, கூலியாக இரண்டு மண்ணெண்ணெய் டின் நிறைய விதை நெல் கொண்டுவந்திருந்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் கம்பத்துக்குப் போய்க் குனிந்து, வீட்டுக்கு அரை டின் விதை சேர்த்தார்கள். நான் போகவில்லை. ஆள் வைத்துக் களை எடுத்தவன் இன்னொருவன் காட்டில் களை எடுப்பதா?

நாலில் ஒரு பங்கு விதையைப் போடாமல் பொதுப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பதும் அவள் கம்பத்தில் கற்றுக்கொண்டு வந்ததுதான். "மழை ஏமாத்தினா மறுபடி போட வேணாமா?" என்பாள். இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. லயத்தின் பின்னால் அவள் போட்ட சோளத்துக்குக் குழிக்கு ஒரு சிட்டிகை அடுப்புச் சாம்பல் வைப்பாள். எறும்பு விதையை இழுக்காதாம். அது அவள் ஊர் வழக்கம். தோட்டத்தில் வேறு எவரும் செய்யமாட்டார்கள். "வெதைக்கு விபூதி பூசுறா பாரு" என்று மணியம் சொல்வான்.

செல்லப்பன் சங்கத்துக்குத் தலைவன் ஆனான். என் வரிசையில் பதினோரு வருஷம் தலை குனிந்து நின்ற பால் வெட்டுக்காரன். எழுதப் படிக்கத் தெரியும். அவன்தான் ஐக்கியச் சங்கம் என்று பெயர் வைத்தான். விதைப் பெட்டிக்குக் காவல் கிருஷ்ணம்மா. அதிகம் பேசாதவள். ராஜம்மா என்னைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்காக வேலைக்குப் போனாள். நான் தடுக்கவில்லை, சேர்ந்ததாகவும் சொல்லவில்லை.

ஆடியில் காட்டை வெட்டி எரித்தார்கள். தரை கறுத்துக் கிடந்தது. சூடு அடங்குவதற்குள் அங்கம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் போய்விட்டாள். எரித்த காட்டின் மேல் கோடியில், மரங்கள் தொடங்கும் இடத்தில் புதைத்தார்கள். நான் வாய்க்காலைத் தாண்டவில்லை.

மறுநாள் செல்லப்பன் இரண்டு டின்னையும் காவடி போலத் தூக்கிவந்து வாய்க்காலின் அந்தப் பக்கம் வைத்தான்.

"கங்காணியாரே, அவளுக்கு வேற நாதி இல்ல. மொறைப்படி இது ஒங்க வீட்டுக்குத்தான் வரணும். ஆனா வெத நெல்லு. சங்கத்துக்குன்னு அவ வெச்சது. வெதைப்பு அன்னிக்கு ஒங்க கையால கொண்டாந்தீங்கன்னா போதும்."

"வெச்சுட்டுப் போ" என்றேன்.

அவன் என்னை நம்பினான். கங்காணி குடும்பம் என்று நம்பினான்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் அரிசி இல்லை. மரவள்ளி மட்டும். சின்னவளுக்கு வயிறு உப்பி, கண் உள்ளே போயிருந்தது. மூன்றாம் நாள் நான் ராஜம்மாவிடம் டின்னைக் காட்டினேன்.

"அவிச்சிரு."

"மாமா, இது வெத" என்றாள்.

"நெல்லுதானே? அவிச்சிரு."

"அப்ப ரெண்டு படி மட்டும் பச்சையாக் குத்திக்கிறேன். மிச்சம் அப்படியே இருக்கட்டும். ரெண்டே படி, மாமா."

எங்கள் வீட்டில் பொங்கலுக்குத் தவிரப் பச்சரிசி வடிப்பதில்லை. அதை அன்றாடம் தின்றால் வயிறு கெடும் என்று என் தாயார் சொல்லி வளர்த்தவர். அதோடு, வெயில் கிடைக்கும் நாளில் இருப்பதையெல்லாம் ஒரே ஈடாக அவித்துக் காயப்போட்டுவிடுவது எங்கள் வழக்கம். அன்று வெயில் நன்றாக அடித்தது. ஒரு வாரத்துப் பசிக்கு இரண்டு படி போதும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வழக்கம்தான் தெரிந்தது. இரண்டு டின்னையும் ஊறவைத்து அவிக்கச் சொன்னேன். அவள் டின்னைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

நெல் வாசலில் பாயில் காய்ந்துகொண்டிருந்தபோது செல்லப்பனும் கிருஷ்ணம்மாவும் வந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

"மழை முந்திக்கும்போல இருக்கு. நாளன்னிக்கே வெதைச்சிரலாம்னு இருக்கோம்" என்ற செல்லப்பன் பாயைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "வெதைக்கு வெயில் காட்டுறீங்களா, கங்காணியாரே? நல்லது, நல்லது."

நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். பிள்ளைகளுக்குப் பசி என்று சொன்னால் கேட்காதவன் அல்ல செல்லப்பன். ஆனால் ஐயாசாமி கங்காணி வீட்டில் பசி என்பதை, என் வரிசையில் நின்றவனிடம் நான் சொல்வதா?

"ஆமா" என்றேன்.

கிருஷ்ணம்மாவும் பாயைப் பார்த்தாள். அவள் மூக்கு இலேசாக அசைந்தது போல் இருந்தது. காற்று என் வீட்டிலிருந்து வாய்க்கால் பக்கம் வீசிக்கொண்டிருந்தது.

ஒரு பொய்க்கு மேல் இன்னொன்றை வைத்தேன். "எங்க வீட்டு வெதை மத்த வெதையோட கலக்கக் கூடாது. எங்களுக்குத் தனிப் பாத்தி விடு. பெட்டியிலயும் ஒண்ணும் வெக்க மாட்டேன். எங்க வெதை பொய்க்காது."

இரண்டு டின்னும் அங்கம்மாவுடையவை என்பதை மறந்தவன் போல "எங்க வெதை" என்றேன். செல்லப்பன் சரி என்றான். காட்டில் மூன்றில் ஒரு பங்கு, என் வீட்டுக்கு எதிரே பாதையில் தொடங்கி மேல் கோடி வரை, எனக்கு ஒதுங்கியது. விளைச்சல் எல்லாருக்கும் பொது. பாத்தி மட்டும் என் பேரில்.

அன்று இரவு குழந்தைகள் சோறு தின்றார்கள். அடுத்த நாள் மீண்டும் மரவள்ளி. மிச்ச நெல்லை டின்னில் அள்ளும்போது ராஜம்மா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. தின்னக்கூடியதை, முளைக்காது என்று தெரிந்தே, மண்ணில் போடச் சுமந்து போனோம்.

விதைப்பு நடந்தது. ஆண்கள் குழித்தடியோடு வரிசையாக நடந்து குழி போட, பெண்கள் பின்னால் ஐந்தாறு விதையாக இட்டுக் குதிகாலால் மூடிக்கொண்டு வந்தார்கள். வேலை முடிந்ததும் கிருஷ்ணம்மா பொதுப் பெட்டியில் மிச்சம் வைத்த நெல்லைச் சமமாகப் பரப்பி, அதன் மேல் சாம்பல் தொட்ட உள்ளங்கையை அழுத்திக் குறி வைத்தாள். யாரேனும் கை வைத்தால் குறி கலையும். களத்து நெல்லுக்கு நம் ஆட்கள் எப்போதும் செய்வதுதான்.

ஆறாம் நாள் மற்றப் பாத்திகளில் ஊசி ஊசியாகப் பச்சை எழுந்தது. எட்டாம் நாள் விரல் உயரம். என் பாத்தி கறுப்பாகவே கிடந்தது.

"பெரிய வீட்டு நெல்லு. பெரட்டுக்கு அதும் இஷ்டத்துக்குத்தான் வரும்" என்றான் மணியம். சிரித்தவர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

"எறும்பு" என்றேன்.

ஒன்பதாம் நாள் விடியும்போதே மண்வெட்டியோடு காட்டுக்குப் போனேன். மறைக்காமல் சொல்கிறேன்: பாத்தியை நானே கொத்திக் கிளறி, காட்டுப்பன்றி புகுந்தது என்று சொல்லத்தான் போனேன். பனி இறங்கியிருந்தது. சதுப்புப் பக்கம் கத்தும் செம்போத்தின் சத்தம் அன்று இல்லை. நடக்க நடக்க ஒரு வாசனை வந்தது. முதலில் விளங்கவில்லை. பிறகு நின்றுவிட்டேன். நெல் அவிக்கும் வாசனை. லயத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கூரையிலும் புகை இல்லை.

மேல் கோடியில், மரங்கள் தொடங்கும் இடத்தில், என் பாத்தியின் குறுக்கே ஒரு வரிசை புதுக் குழிகள் இருந்தன. தடி இறங்கிய ஈரம் இன்னும் காயவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை சாம்பல். விரலை விட்டுப் பார்த்தேன். விதை இல்லை. சாம்பல் மட்டும். அது சுட்டது.

மண்வெட்டி கையில் இருந்ததை மறந்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் மூன்று வரிசை. அதற்கு மறுநாள் பத்து. ஒவ்வொரு நாளும் குழிகள் மேல் கோடியிலிருந்து கீழே இறங்கின. என் வீட்டை நோக்கி. எல்லாம் ஓர் அடி இடைவெளி, நூல் பிடித்தது போல. காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. ஒரு காலை வாசலில் நின்று பல் துலக்கும்போது பனிக்குள்ளிருந்து தடி மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. டப். கொஞ்சம் நின்று, டப். ஓடிப்போனேன். சத்தம் எனக்கு முன்னால் அதே தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் நின்றேன். அதுவும் நின்றது.

நான் எவருக்கும் பயந்தவன் அல்லன். அன்று திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

வேலைக்கு வந்தவர்கள் குழிகளைப் பார்த்து, நான் மறுவிதைப்புப் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"அலமாக்! கங்காணியாரே தடி புடிச்சிட்டாரு! இதப் பார்க்க தொரை இல்லாமப் போனாரே" என்றான் மணியம்.

நான் மறுக்கவில்லை. கிருஷ்ணம்மா மட்டும் குனிந்தாள். ஒரு குழிக்குள் விரலை விட்டாள். விரல் நுனியில் ஒட்டிய சாம்பலை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சாம்பல் யாரு வெச்சது?" என்றாள்.

நான் வானத்தைப் பார்த்தேன்.

"மழை நாலு நாள்ல புடிச்சிரும், கங்காணியாரே" என்றாள் மெதுவாக. "அதுக்கு முன்ன போடற வெதைதான் நிக்கும். மழை புடிச்சபொறவு போட்டா அழுவிரும். மூணுல ஒரு பங்கு காடு சும்மா கெடந்தா, மாசிக்கு மேல எட்டு அடுப்பும் அணைஞ்சிரும்."

அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன். சொல்லட்டுமே என்றுகூட நினைத்தேன். அவளாகச் சொல்லிவிட்டால் நான் மறுத்துச் சண்டை போடலாம். அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்தேன். சாம்பல் அள்ளாமல் கிடந்தது.

"நீதானா?" என்று ராஜம்மாவைக் கேட்டேன்.

"எது, மாமா?"

"குழி."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. "நான் போட்டா அதுல வெதையும் போட்டிருப்பேன். எங்கிட்ட வெதை ஏது?" என்றாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சின்ன அத்தைதான் எல்லாத்தையும் ஒழுங்காப் போடுவாங்க" என்றாள்.

சின்ன அத்தை. என் வீட்டுக்குள் அங்கம்மாவை அந்த முறை வைத்து எவரும் சொன்னதில்லை. நான் அதட்டவில்லை.

குழி தொடங்கிய ஐந்தாம் நாள் பாத்தி முழுவதும் குழி. கடைசி வரிசை பாதையோரத்தில் நின்றது. ஆயிரக்கணக்கான சின்ன வாய்கள் திறந்துகொண்டு கிடப்பது போல் இருந்தது. வானம் தெற்கே கறுத்திருந்தது.

ஆறாம் நாள் விடியலில் கதவைத் திறந்தேன். அந்த வாசனை வீட்டுக்குள்ளேயே அடித்தது.

குழிகள் பாதையைத் தாண்டியிருந்தன. வாய்க்காலின் இந்தக் கரையில் தொடங்கி, ராஜம்மா முந்தின மாலை கூட்டிப் பெருக்கிய வாசல் மண்ணில், ஒற்றை வரிசையாக என் வீட்டை நோக்கி வந்திருந்தன. நெல் காயப்போட்ட இடத்தைச் சுற்றாமல் நேராகக் கடந்து வந்திருந்தன. கடைசிக் குழி என் வாசற்படியின் அடியில். குனிந்து விரலை வைத்தேன். சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. இத்தனை வருஷம் நான் வாய்க்காலைத் தாண்ட விடாத அங்கம்மா படி வரைக்கும் வந்து நின்றிருந்தாள். மிரட்டவில்லை. திட்டவில்லை. உயிரோடு இருந்தபோது செய்ததையே செய்தாள். விதை கேட்டாள்.

அடுத்த விடியலில் குழி எங்கே இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். குழந்தைகள் படுத்திருக்கும் பாய் படியிலிருந்து நாலு அடி.

தலைப்பாகை கட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினேன்.

களத்தில் செல்லப்பன் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வரிசையின் கடைசியில் ஓர் இடம் விட்டிருந்தார்கள். அங்கம்மா நின்ற இடம். போய் அங்கே நின்றேன். என் ஆயுளில் வரிசைக்கு முன்னால் நின்றிருக்கிறேன், வரிசையில் நின்றதில்லை. செல்லப்பன் வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

"நான் போட்டது அவிச்ச நெல்லு" என்றேன்.

வரிசை முழுவதும் என் பக்கம் திரும்பியது.

"அங்கம்மா வெச்ச ரெண்டு டின்னையும் அவிச்சிட்டேன். பிள்ளைங்க பசியில இருந்தாங்க. அது தப்பில்ல. ஒன்கிட்ட ஆமான்னு சொன்னேன் பாரு, அதுதான் தப்பு. என் பாத்தி மொளைக்காது. மொளைக்காதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். என் வீட்டுல வெதை இல்ல." அடுத்த வார்த்தை வருவதற்கு வெகுநேரம் ஆனது. "சங்கம் வெதை குடுக்கணும்."



செல்லப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. "அது அவ ரெண்டு மாசம் குனிஞ்ச முதுகு, கங்காணியாரே. நெல்லுன்னா நெனைச்சீங்க?"

"தெரியும்."

"கேட்டிருந்தா அரிசி குடுத்திருப்போமே. ஏழு வீடு இருக்கே. வீட்டுக்கு ஒரு கை போட்டா ஒரு வாரச் சோறு."

"கேட்டுப் பழக்கமில்ல" என்றேன்.

"வெயில் காட்டினப்பவே எனக்குத் தெரியும்" என்றாள் கிருஷ்ணம்மா. "அவிச்ச வாசம் வாய்க்காலைத் தாண்டாதா?"

"தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்த?" என்று செல்லப்பன் அவள் மேல் பாய்ந்தான்.

"நான் சொன்னா அது புறணி. அவரு இல்லன்னுதான் சொல்லுவாரு. பொறவு பெட்டிய எப்படித் தொறக்கிறது?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கும் வரலன்னா நாளைக்கு நானே கத்தியிருப்பேன். ஆனா ஒண்ணு. குழி ஒங்க வேலையில்லதானே?"

"இல்ல."

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். ஒவ்வொருவராக, தாங்களும் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். மணியம் கடைசியாக ஆட்டினான். முகம் வெளுத்திருந்தது. பிறகு எல்லாருடைய பார்வையும் தானாகக் காட்டின் மேல் கோடிக்குப் போனது.

பொதுப் பெட்டியைத் திறந்தார்கள். நெல்லின் மேல் கிருஷ்ணம்மாவின் கைக்குறி ஐந்து விரலும் கலையாமல் இருந்தது. அவள் தன் கையாலேயே அதைக் கலைத்தாள்.

ஏழு வீட்டார் நாலில் ஒரு பங்காக ஒதுக்கிய விதை. என் வீடு ஒரு பிடியும் வைக்காத பெட்டி. அதிலிருந்து என் பாத்திக்கு அளந்தார்கள். குழிக்கு ஐந்தாறாகப் போட்டால் போதாது, மூன்றாகப் போட்டால் சரியாக வரும் என்று கிருஷ்ணம்மா கணித்தாள். தடி எடுக்க வேண்டிய வேலை இல்லை. பகல் முழுவதும் பெண்களோடு ஆண்களும் குனிந்து, சாம்பல் மேல் விதை இட்டு மூடினார்கள். நானும் குனிந்தேன். என் குதிகால் மண்ணில் பட்ட ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி இன்னொரு குதிகால் படுவது போலக் கேட்டது. பக்கத்தில் எவரும் இல்லை. மணியமும் கேட்டிருக்க வேண்டும். அன்று மாலை வரை அவன் ஒரு கேலியும் பேசவில்லை. கடைசி வரிசையை மூடியபோது முதல் தூறல் விழுந்தது.

என்னைச் சங்கத்தில் வைத்திருப்பதா என்ற பேச்சும் எழுந்தது. "ராஜம்மா ஒரு நாளும் வேலைக்கு வராம இருந்ததில்ல. ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்றாள் கிருஷ்ணம்மா. அதோடு பேச்சு முடிந்தது. எனக்கு மட்டும் ஒரு வேலை வைத்தார்கள்: கதிர் பால் பிடித்ததிலிருந்து அறுப்பு வரை பகலெல்லாம் குருவி விரட்டும் காவல். காவல் பரண் மேல் கோடியில், அங்கம்மாவைப் புதைத்த இடத்துக்கு ஒட்டினாற்போல். நான் மறுக்கவில்லை. தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்தேன். நடுப்பகலில் காற்று நின்றுபோகும் வேளைகளில், பரணுக்குக் கீழே யாரோ நெற்பயிரை விலக்கிக்கொண்டு நடப்பது போலக் கதிர்கள் ஒரு கோடாக அசையும். முதல் தடவை தட்டுவதை நிறுத்தினேன். பிறகு நிறுத்தவில்லை.

சாம்பல் வைத்த பாத்தியில் எறும்பு ஒரு விதையையும் இழுக்கவில்லை. மூன்றே விதை போட்ட குழியில் மற்றப் பாத்திகளைவிடப் பக்க முளைகள் கிளைத்துத் தூர் அதிகமாகப் பிடித்தது. அடுத்த வருஷத்திலிருந்து எல்லாரும் சாம்பல் வைத்தார்கள். மணியம்கூட.

தை கடைசியில் அறுத்தோம். எட்டு அடுப்புக்கும் அடுத்த அறுப்பு வரை தாங்கும் நெல். பெட்டிக்கு ஒதுக்கியது போக, பங்கு பிரிக்கச் செல்லப்பன் களத்தில் நின்று பழைய பெரட்டு மாதிரியே வீடு வீடாகப் பேர் கூப்பிட்டான். ஒவ்வொருவரும் கூடையோடு முன்னால் வந்தார்கள். என் பேருக்கு ராஜம்மா போனாள். எட்டும் முடிந்தது. குவியலின் ஓரத்தில் இன்னும் ஒரு பங்கு இருந்தது.

செல்லப்பன் தயங்கினான். பிறகு கூப்பிட்டான்.

"அங்கம்மா."

காட்டுப் பக்கமிருந்து இலேசாகக் காற்று வந்தது. அவித்த நெல்லின் வாசனை. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரிந்தது; மூக்கைத் தூக்கினார்கள். கிருஷ்ணம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எவரும் பதில் சொல்லாவிட்டால் அந்தப் பேர் அப்படியே நிற்கும் என்று தோன்றியது.

"இருக்கா" என்றேன். "எங்க வீடு. என் தம்பி பெண்டாட்டி."

கூடையை நானே எடுத்துப் போய் அந்தப் பங்கை அள்ளிவந்தேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. விதைப் பெட்டியில் அவள் பேரில் போட்டேன். கிருஷ்ணம்மா அதன் மேல் தன் கையை அழுத்தினாள்.

வாசல் குழிகளை ராஜம்மா மழை நின்றதும் மண் போட்டு மூடிவிட்டாள். படியடியில் இருந்த கடைசிக் குழியை மட்டும் விட்டுவிட்டாள்; ஏன் என்று நான் கேட்கவில்லை. அதில் எவரும் விதை போடவில்லை. சங்கத்து நெல் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. அங்கே சிந்தியிருக்கக்கூடியது பாயில் காய்ந்த அந்த நெல் மட்டும்தான்.

அறுப்பு முடிந்து வந்த அன்று பார்க்கிறேன், அந்தக் குழியில் ஒரு நெல் தூர் பச்சையாக எழுந்து நின்றது.

அவித்த நெல் முளைக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அன்று முதல் படியில் இறங்கும்போது அதை மிதிக்காமல் ஒதுங்கி இறங்குகிறேன்.